மெதக்கற எலிக்கு மன அழுத்தம்னு யார் சொன்னது? விலங்குப் பரிசோதனைக் கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

சார், மேடம், எல்லாருக்கும் வணக்கம்.

தமிழ்நாட்டு ஃபார்மசி காலேஜ், மெடிக்கல் காலேஜ்கள்ல விலங்குப் பரிசோதனைக்கு அனுமதி குடுக்கற எத்திக்ஸ் கமிட்டில உக்காந்திருக்கறவங்களுக்கும், அந்த கமிட்டிங்கள மேற்பார்வை பாக்கற மத்திய அரசோட சிசிஎஸ்இஏ-வுக்கும், ஃபார்மகாலஜி டிபார்ட்மெண்ட்ல கைடா இருக்கறவங்களுக்கும் சேத்துதான் இத எழுதறேன். நான் கொருக்குப்பேட்டை. எம்.ஃபார்ம் முடிச்சேன், இப்ப தண்டையார்பேட்டை பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்ல ஃபார்மசிஸ்ட். எங்க அக்காவுக்கு மனச்சிதைவு நோய், பதிமூணு வருஷமா மாத்திரை போட்டுகிட்டு இருக்கா. நான் காலேஜ்ல பண்ண தீசிஸ் மனநோய் மருந்து சம்பந்தப்பட்டது, ஒரு இலச்சாறு மன அழுத்தத்துக்கு வேலை செய்யுதான்னு எலிங்கள வெச்சிப் பாத்தது. இந்த ரெண்டையும் இத்தன வருஷமா தனித்தனியாவே வெச்சிருந்தேன், போன வாரம் வந்த ஒரு ஃபோன் கால்ல ரெண்டும் ஒண்ணா வந்து நின்னுச்சி.

ஃபோன் பண்ணது ஒரு ஜூனியர் பொண்ணு. நேர்ல பாத்தது இல்ல, யாரோ நம்பர் குடுத்திருக்காங்க. "அக்கா, உங்க தீசிஸ் மெத்தட்ஸ் சாப்டர் மட்டும் அனுப்ப முடியுமா, எங்க கைடும் அதே டெஸ்ட்தான் சொல்லியிருக்காரு, இல மட்டும்தான் வேற"ன்னு கேட்டா. இல மட்டும்தான் வேற. அத கேட்டதுல இருந்து தூக்கம் சரியா வரல, ஏன்னா எனக்கு முன்னாடி ஒரு சீனியர் கிட்ட நானும் இதே வார்த்தைய சொல்லித்தான் அவங்க சாப்டர வாங்குனேன்.

அந்த டெஸ்ட் என்னன்னு உங்களுக்குத் தெரியும், ஆனா இந்த மடல எங்க தெருக்காரங்களும் படிப்பாங்க, அதனால சொல்லிடறேன். ஃபோர்ஸ்டு ஸ்விம் டெஸ்ட், தமிழ்ல சொன்னா கட்டாயமா நீந்த வைக்கறது. ஒசரமான கண்ணாடி சிலிண்டர், சுண்டெலி கால் தரைல படாத அளவுக்கு தண்ணி, சூடு 25 டிகிரி. எலிய வால புடிச்சி உள்ள விடணும். மொத்தம் 6 நிமிஷம், மொத 2 நிமிஷத்த விட்டுட்டு கடைசி 4 நிமிஷத்துல அது எத்தன செகண்ட் நீந்தாம சும்மா மெதக்குதுன்னு ஸ்டாப்வாட்ச்ல கணக்கெடுக்கணும். கம்மியா மெதந்தா மருந்து மன அழுத்தத்துக்கு வேலை செய்யுதுன்னு எழுதலாம், அதிகமா மெதந்தா எலி மனசு ஒடஞ்சி போச்சின்னு அர்த்தம். 1977ல போர்சோல்ட்டுங்கறவரு கொண்டுவந்த டெஸ்ட், அதுக்கு அவங்க வெச்ச பேரே நடத்தைல தெரியற நம்பிக்கையிழப்புன்னு வரும்.

எனக்கு குடுத்தது 30 எலி. அஞ்சு குரூப், குரூப்புக்கு ஆறு. ஒரு குரூப்புக்கு மருந்தில்லாத வெறும் கரைசல், அதுதான் ஒப்பிட்டுப் பாக்கற கண்ட்ரோல் குரூப், ஒரு குரூப்புக்கு இமிப்ரமின்ங்கற பழைய மன அழுத்த மருந்து, மிச்சம் மூணுக்கும் எங்க இலச்சாறு, எலி எடைல கிலோவுக்கு 100, 200, 400 மில்லிகிராம் கணக்குல. எல்லாமே ஆண் எலி. வால்ல, முதுகுல பிக்ரிக் ஆசிட் தொட்டு மஞ்சளா அடையாளம் போட்டிருப்போம், ஒண்ணு தலைல, ஒண்ணு வால்ல, ஒண்ணு ரெண்டு எடத்துலயும்னு. அனிமல் ஹவுஸ்ல கூண்டு கழுவற அண்ணன் ஒருத்தர் இருந்தாரு, அவர்தான் எனக்கு எலிய எப்படி நோகாம புடிக்கறதுன்னே சொல்லிக் குடுத்தாரு, தீசிஸ்ல நன்றிப் பக்கத்துல அவரு பேரு வரல, அது இன்னிக்கு வரைக்கும் எனக்கு உறுத்தல்.

தண்ணிய விட்டு வெளிய எடுத்ததும் துண்டுல தொடச்சி பல்புக்கு அடில வைக்கணும். கண்ட்ரோல் குரூப்ல ஒரு எலி, தல மட்டும் மஞ்சள். அது மூணாவது நிமிஷத்துலயே அடிச்சிக்கறத நிறுத்திட்டு மூக்க மட்டும் மேல வெச்சிகிட்டு அப்படியே இருந்துச்சி, பின்னங்கால் ஒண்ணு மட்டும் எப்பவாவது லேசா ஒரு தள்ளு. நேரம் முடிஞ்சி நான் கைய உள்ள விட்டேன் பாருங்க, அந்த நொடியே அது என் வெரலப் புடிச்சி மணிக்கட்டு வரைக்கும் ஏறி வந்துடுச்சி, நகம் பதிஞ்சி சின்னதா ரத்தம் கூட வந்துச்சி. மனசு ஒடஞ்சி போனதுன்னு நான் நோட்ல எழுதப்போற எலி அது. 171 செகண்ட்னு எழுதுனேன்.

அன்னிக்கு ராத்திரி வீட்ல சாப்பிடறப்ப இத சும்மா சொன்னேன். எங்க மாமா, அம்மாவோட தம்பி, காசிமேட்ல இருந்து கடலுக்குப் போறவரு. கேட்டுட்டு அவரு சொன்னது இன்னும் காதுல இருக்கு. "இன்னாமா படிப்பு இது. கடல்ல வுழுந்தவன் கைய கால அடிச்சிகினே இருந்தான்னா அர அவருல முழுகிடுவான். மல்லாக்கப் படுத்து மெதந்தான்னா அவன் பொழைக்கணும்னு இருக்கான்னு அர்த்தம். எலிக்கு வெளிய போவ வழி இல்லன்னு தெரிஞ்சி போச்சி, தெம்ப சேத்து வெச்சிகினு மெதக்குது, அத்த போயி மனசு ஒடஞ்சி போச்சின்றீங்களே." மாமா அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சவரு. இதே கேள்விய நடத்தை ஆராய்ச்சி பண்றவங்களே ரொம்ப வருஷமா கேட்டுகிட்டு இருக்காங்க, அது சோகம் இல்ல, கத்துக்கிட்டது, தெம்ப மிச்சம் புடிக்கறதுன்னு பேப்பர் பேப்பரா எழுதியிருக்காங்க, நான் லேட்டாத்தான் படிச்சேன். என் கைடுக்கும் தெரிஞ்சிருக்கும்னு நெனைக்கறேன். ஆனா தீசிஸ் சப்மிட் பண்ண தேதி நெருங்கிடுச்சி, இமிப்ரமினும் கைல இருந்துச்சி, சிலிண்டரும் இருந்துச்சி.

இன்னொண்ணு. இமிப்ரமின் குடுத்து ஒரு மணி நேரத்துல எலி நல்லா நீந்துது. மனுஷனுக்கு அதே மாத்திரை வேலை காட்ட ரெண்டு வாரத்துல இருந்து ஆறு வாரம் வரைக்கும் ஆகும், நான் தினமும் கவுண்டர்ல நின்னு "உடனே தெரியாதும்மா, நிறுத்திடாதீங்க"ன்னு சொல்ற விஷயம் அது. அப்ப எலிக்கு ஒரு மணி நேரத்துல நடந்தது என்ன? காபில இருக்கற கஃபீன் குடுத்தாக்கூட எலி கம்மியா மெதக்கும், ஆம்ஃபெட்டமின் குடுத்தாலும் அப்படித்தான். உடம்ப முடுக்கிவிடற எதுவும் இந்த டெஸ்ட்ல பாஸ் ஆவும். என் இலச்சாறு பாஸ் ஆச்சி. அந்த தீசிஸ் காலேஜ் லைப்ரரி பீரோல இருக்கு, இத்தன வருஷத்துல அதக் கேட்டு வந்த மொத ஆளு போன வாரம் ஃபோன் பண்ண அந்தப் பொண்ணுதான், அதுவும் அதுல வந்த முடிவுக்காக இல்ல.

நான் விலங்குப் பரிசோதனையே கூடாதுன்னு சொல்ற ஆள் இல்ல, அப்படி சொன்னா அது பொய்யா இருக்கும். தாலிடோமைடு கதை ஃபார்மசி படிச்ச எல்லாருக்கும் தெரியும். 1957ல மேற்கு ஜெர்மனில தூக்க மாத்திரையா வித்தாங்க, கர்ப்பமா இருக்கறவங்க கூட போடலாம்னு சொன்னாங்க, கர்ப்பமா இருக்கற விலங்குல அத ஒழுங்கா சோதிச்சிப் பாக்கவே இல்ல, 1961ல திரும்ப வாங்கறதுக்குள்ள பத்தாயிரத்துக்கும் மேல கொழந்தைங்க கை கால் வளராம பொறந்துச்சி. ஒரு புது மூலக்கூறு கல்லீரல என்ன பண்ணுது, இதயத்த என்ன பண்ணுது, வயித்துல இருக்கற கருவ என்ன பண்ணுதுன்னு மனுஷன் வாய்ல போடறதுக்கு முன்னாடி எங்கயாவது பாத்துத்தான் ஆகணும். அது கூட முழு உத்தரவாதம் இல்ல. 2016 ஜனவரில ஃபிரான்ஸ்ல ரென் நகரத்துல ஒரு மருந்து சோதனைல நல்ல ஆரோக்கியமா இருந்த ஆறு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, ஒருத்தர் செத்துட்டாரு, அந்த மருந்த எலி, நாய், கொரங்குன்னு எல்லாத்துலயும் குடுத்துப் பாத்துட்டுத்தான் மனுஷங்களுக்குக் குடுத்தாங்க. இருந்தாலும் விஷம் இருக்கான்னு பாக்கற சோதனைய நான் கேள்வி கேக்க வரல. மனசுல நடக்கற ஒண்ண எலி உடம்ப வெச்சி அளக்கறோம்னு சொல்றோம் இல்ல, அங்கதான் எனக்கு வலிக்குது.

எங்க அக்காவ எடுத்துக்கோங்க. அவளுக்கு மொதல்ல வந்தது குரல். பக்கத்து வீட்டுக்காரங்க செவுத்துக்கு அந்தப் பக்கம் நின்னு அவளத் திட்டறாங்கன்னு சொன்னா, நாங்க நெசமாவே போயி சண்ட போட்டோம். எலிக்கு குரல் கேக்குதான்னு எப்படி தெரியும்? அதனால ஆம்ஃபெட்டமினோ கெட்டமினோ குடுத்து எலிய கூண்டுக்குள்ள ஓட விடுவாங்க, மருந்து குடுத்தா ஓட்டம் கொறையுதான்னு பாப்பாங்க. ஓட்டம் கொறையறது சரி. எங்க அக்கா ஓடல சார். செவுத்தப் பாத்து படுத்தே இருந்தா, தல வாரல, பேசல, பண்டிகைக்குப் புது துணி எடுத்துக் குடுத்தா மடிச்சி மடிலயே வெச்சிகிட்டு உக்காந்திருந்தா. குரல மாத்திரை நிறுத்திடுச்சி, அதுக்கு நான் தெனமும் கை எடுத்துக் கும்புடறேன். இந்த ரெண்டாவது பாதிக்கு இன்னிக்கு வரைக்கும் உருப்படியா ஒரு மருந்து இல்ல.

சரி, இந்த மாத்திரைங்கள்லாம் எங்க இருந்து வந்துச்சின்னு பாருங்க. 1931லயே கல்கத்தால கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் சர்ப்பகந்தா வேர புத்தி பேதலிச்சவங்களுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் குடுத்துப் பாத்து எழுதி வெச்சாங்க, ஆளப் பாத்து எழுதுனது. 1952ல நியூயார்க் ஸ்டேட்டன் தீவுல காசநோய் ஆஸ்பத்திரில ஐப்ரோனியசிட் குடுத்தா படுத்த படுக்கையா இருந்தவங்க எழுந்து சிரிச்சி ஆட ஆரம்பிச்சாங்க, மன அழுத்த மாத்திரைங்கள்ல மொதல்ல வந்தது அப்படித்தான் கண்ணுல பட்டுச்சி. அதே 1952ல பாரீஸ்ல க்ளோர்ப்ரோமசின், அது மயக்க மருந்துக்குத் துணையா இருந்தது, டிலே, டெனிகர்னு ரெண்டு டாக்டருங்க மனநோயாளிங்களுக்குக் குடுத்துப் பாத்தாங்க. நான் எலிக்குக் குடுத்த இமிப்ரமின் இருக்கே, சுவிட்சர்லாந்துல ரோலண்ட் குன்னுங்கற டாக்டர் அத மொதல்ல மனச்சிதைவுக்குத்தான் குடுத்துப் பாத்தாரு, அதுக்கு வேலை செய்யல, ஆனா சோர்ந்து கெடந்தவங்க தெளிஞ்சி வர்றத வார்டுல கூடவே இருந்து கவனிச்சாரு. மனசு ஒரேயடியா ஏறி எறங்கற பைபோலார் நோய்க்குக் குடுக்கற லித்தியத்துக்கு மட்டும் எலி ஜாதி ஒண்ணு பேரு வாங்குச்சி. 1949ல ஆஸ்திரேலியால ஜான் கேட் கினி பன்னிங்களுக்கு ஊசி போட்டாரு, அதுங்க அமைதியா படுத்துகிச்சி, அது லித்தியம் அதிகமாயி விஷத்தால வந்த சோர்வா இருக்கும்னு இன்னிக்கு பலர் சொல்றாங்க. அவரு அப்புறம் தானே முழுங்கிப் பாத்துட்டுத்தான் நோயாளிங்களுக்குக் குடுத்தாரு.

அதுக்கப்புறம் என்ன ஆச்சின்னா, கைல கெடச்ச இந்த மருந்துங்கள எலிக்குக் குடுத்து எலி என்ன பண்ணுதுன்னு பாத்து அதையே டெஸ்ட்டா மாத்திட்டாங்க. அப்ப அந்த டெஸ்ட் பாஸ் ஆவறது எது? பழைய மருந்து மாதிரியே இருக்கற புது மருந்து. இதுல தப்பிப் பொழச்சது க்ளோசபின். அந்தக் காலத்துல மனச்சிதைவு மருந்துன்னா அது குடுத்த எலியோட முன்னங்கால கம்பி மேல தூக்கி வெச்சா அது எடுக்காம வெறச்சி நிக்கணும்னு ஒரு கணக்கு, ஏன்னா அதுக்கு முன்னாடி இருந்த மருந்துங்க அப்படித்தான் பண்ணுச்சி. க்ளோசபின் எலிய வெறைக்க வைக்கல, அதனால இது மருந்தே இல்லன்னு நெனச்சாங்க. அந்த வெறைப்பு இருக்கே, அது மருந்தோட வேலை இல்ல, பக்க விளைவு. எங்க அக்காவுக்கு ஆரம்பத்துல வேற ஒரு மருந்துல கழுத்து ஒரு பக்கமா இழுத்துகிச்சி, நாக்கு தடிச்சிப் போச்சி, பேய் புடிச்சிடுச்சின்னு தெருவே கூடுச்சி. எலிகிட்ட அந்த வெறைப்பத்தான் நல்ல மருந்துக்கு அடையாளம்னு தேடிகிட்டு இருந்திருக்காங்கன்னு படிச்சப்ப புத்தகத்த மூடி வெச்சிட்டேன். க்ளோசபின்லயும் ஆபத்து இருக்கு, 1975ல ஃபின்லாந்துல வெள்ளையணு கொறஞ்சி சிலர் செத்துட்டாங்க, ரத்தம் டெஸ்ட் பண்ணிகிட்டே குடுக்கணும், ஆனா வேற எந்த மருந்துக்கும் நோய் கொறையாதவங்களுக்கு இன்னிக்கும் அதுதான் கதி.

கிட்டத்து உதாரணம் ரெண்டு சொல்லிடறேன். ஒண்ணு அப்ரிபிடன்ட். கீமோ எடுக்கறவங்களுக்கு வாந்தி வராம இருக்க குடுக்கறது, நானே நெறைய பேருக்கு எடுத்துக் குடுத்திருக்கேன். அது மொதல்ல மன அழுத்தத்துக்கும் வர வேண்டிய மருந்து. இதே வகைல இருந்த மருந்த குடுத்தா தாய்கிட்ட இருந்து பிரிச்ச கினி பன்னிக் குட்டிங்க அழறது கொறஞ்சிது, 1998ல பெரிய பேப்பரா வந்துச்சி, அப்புறம் பெரிய ட்ரையல்ல மருந்தே இல்லாத வெறும் மாத்திரைய விட மேலன்னு காட்ட முடியல. இன்னொண்ணு உலோடரான்ட், எலிங்க நடத்தைய கேமராவுல எடுத்து கம்ப்யூட்டர் வெச்சி அலசிக் கண்டுபுடிச்சது, ரொம்ப நம்பிக்கையா இருந்தாங்க, 2023ல மனச்சிதைவுக்கான ரெண்டு கடைசிக் கட்ட ட்ரையல்லயும் தோத்துடுச்சி, வெறும் மாத்திரை எடுத்தவங்களுக்கே நோய் நல்லா கொறஞ்சதும் ஒரு காரணம். 2024 செப்டம்பர்ல அமெரிக்கால மனச்சிதைவுக்கு நெசமாவே புது வழில வேலை செய்யற மருந்து ஒண்ணுக்கு அனுமதி வந்துச்சே, சனோமெலினும் ட்ரோஸ்பியமும் சேந்தது, அதுக்குத் துப்பு எங்க கெடச்சிது தெரியுமா? 1990கள்ல மறதி நோய் இருக்கற வயசானவங்களுக்கு குடுத்துப் பாத்தப்ப அவங்களுக்கு கேக்கற குரலும் சந்தேகமும் கொறையறத பாத்தாங்க. மறுபடியும் மனுஷன கவனிச்சதுல.

இப்ப நான் சொல்ல வந்ததுல எனக்கு ரொம்ப முக்கியமான எடத்துக்கு வர்றேன். எலிக்கு மன அழுத்தம் வர வைக்க இன்னொரு முறை இருக்கு, நாள்பட்ட லேசான அழுத்தம்னு பேரு, 1987ல வில்னர் கூட்டம் ஆரம்பிச்சது. நீச்சல் டெஸ்ட்ட விட இது எவ்வளவோ பரவால்ல, மருந்து வேலை செய்யவும் இதுல மூணு நாலு வாரம் ஆவுது, மனுஷனுக்கு மாதிரியே. அதுல எலிக்கு என்னென்ன பண்ணுவாங்கன்னு பட்டியல் இருக்கும். படுக்கைய ஈரமாக்கி விடறது. கூண்ட சாய்ச்சி வைக்கறது. ராத்திரி பூரா லைட்ட போட்டு வைக்கறது. ஒரே கூண்டுல நெருக்கமா அடைக்கறது. தண்ணி இல்லாம வெச்சிட்டு அப்புறம் காலி பாட்டில மாட்டி வைக்கறது. விடாத எரைச்சல். எப்ப எது வரும்னு தெரியாத மாதிரி மாத்தி மாத்தி பண்ணணும். சில வாரத்துல எலிக்கு சக்கரத்தண்ணி மேலயே ஆசை போயிடும், வெறுந்தண்ணியும் சக்கரத்தண்ணியும் அதுக்கு ஒண்ணாயிடும்.

2015 டிசம்பர் வெள்ளம் வடிஞ்சி கொஞ்ச நாள்ல இத நான் படிச்சேன். அப்ப எங்க வீட்ல நாலு பேருக்கு ஒரு ரூம், பாய் தலையணை எல்லாம் ஊறிப்போய் காயவே இல்ல, ஒரு பக்கம் செங்கல் வெச்சி கட்டில தூக்கி நிறுத்தியிருந்தோம் அதனால சாய்ஞ்சேதான் படுப்போம், எதிர்ல ரயில் யார்டு லைட்டு ராத்திரி பூரா மூஞ்சில அடிக்கும், கூட்ஸ் வண்டி சத்தம், கேட்டு போட்டா ஆரன் சத்தம், தண்ணி லாரி எப்ப வரும்னு தெரியாது, அம்மா காலி கொடங்கள வரிசைல வெச்சிட்டு வாசல்லயே ஒக்காந்திருக்கும். பட்டியல் முழுக்க எங்க வீடு. அக்கா அந்த மாசம்தான் ரொம்ப மோசமானா, டீல சக்கர போட்டாலும் போடாட்டியும் அவளுக்குத் தெரியல, "என்ன அக்கா சப்புன்னு இருக்கா"ன்னு கேட்டா பதில் இல்ல. 2023 மிக்ஜாம் புயலப்பவும் இதே கததான், நாலு நாள் கரண்ட் இல்ல.

இந்த எலி மாடல் உண்மைன்னு நீங்க நம்பறீங்க இல்ல சார், அப்ப அது முழுசா என்ன சொல்லுதுன்னும் கேளுங்க. ஈரப் படுக்கை ஒரு உயிர ஒடைக்கும்னு சொல்லுது. அதே துறைல இன்னொரு பக்கம், கூண்டப் பெருசாக்கி, வெளையாட சாமானும் கூட இருக்க நாலு எலியும் குடுத்தா மூளையே மாறி வளருதுன்னு 1960கள்ல அமெரிக்கால பெர்க்லீ யுனிவர்சிட்டில ரோசன்ஸ்வைக் குழு காட்டுச்சி. இந்த எல்லாத்துலயும் நாம எடுத்துகிட்டது மாத்திரை ஒண்ணு மட்டும். எலிய ஈரத்துல போட்டு அதுக்கு மாத்திரை குடுத்து சரியாவுதான்னு பாக்கறோம், ஒரு குரூப்புக்கு படுக்கைய காய வெச்சிக் குடுத்து பாத்தீங்களான்னு ஒரு கமிட்டி கூட கேட்டு நான் கேள்விப்பட்டதில்ல. மாத்திரை வேணாம்னு நான் சொல்லவே இல்ல, மாத்திரை இல்லன்னா எங்க அக்கா இல்ல. ஆனா படுக்கையும் வேணும்.

அப்புறம் பொம்பளைங்க விஷயம். என் 30 எலியும் ஆண்னு சொன்னேன். பெண் எலிக்கு நாலஞ்சு நாளைக்கு ஒரு தடவ சுழற்சி வரும், ரிசல்ட் கலையும், வேணாம்னாங்க. அப்ப அது சரியாத்தான் பட்டுச்சி. அக்காவுக்கு ரிஸ்பெரிடோன்ங்கற மனச்சிதைவு மாத்திரைக்கு மாத்துனப்ப மாசாமாசம் வர்றது நின்னு போச்சி. ரெண்டு மாசம், மூணு மாசம். அம்மா என்கிட்ட கூட சொல்லல, ராத்திரில அக்கா பக்கத்துல படுத்துகிட்டு அவ வயித்த தொட்டுத் தொட்டுப் பாக்கும். மார்ல ஈரம் கசிஞ்சி ஜாக்கெட் நனைஞ்சதும்தான் அம்மா ஓன்னு அழுதுகிட்டு வெளிய சொல்லுச்சி, "எவன்டி"ன்னு அக்காவ அடிச்சி கூட போட்டுச்சி, அவளுக்கு எதுக்கு அடிக்கறாங்கன்னே தெரியல. அப்பதான் எனக்கு பொறி தட்டுச்சி. ப்ரோலாக்டின், பால் சுரக்க வைக்கற ஹார்மோன், அத இந்த மாத்திரை ஏத்திவிட்டிருக்கு. அந்த மருந்துக்கு இது நல்லா தெரிஞ்ச விளைவு, எலிலயே தெரிஞ்சது, புத்தகத்துல இருக்கு, நான் அதுக்கு மார்க் வாங்கியிருக்கேன். எழுதிக் குடுத்த ஆஸ்பத்திரில ஒருத்தர் ஒரு வார்த்த சொல்லல. நானும் சொல்லல, அதுதான் என்ன இன்னும் அரிக்குது. எலி குடுத்த தகவல் பேப்பர் வரைக்கும் போச்சி, கொருக்குப்பேட்ட வரைக்கும் வரல.

தூக்க மாத்திரை சோல்பிடெம்முக்கு பொம்பளைங்க டோஸ பாதியா கொறைக்கச் சொல்லி அமெரிக்கால 2013லதான் சொன்னாங்க, மாத்திரை கடைக்கு வந்து இருவது வருஷம் கழிச்சி. ஆண் எலியே போதும்னு கையெழுத்து போடறப்ப இத ஒரு நிமிஷம் நெனச்சிப் பாருங்க. இத்தனைக்கும் ஆண் எலியும் ஒண்ணும் அலுங்காத அளவுகோல் இல்ல, ஆம்பள ஆளு வாடை பட்டாலே எலிக்கு அழுத்தம் ஏறுதுன்னு 2014ல கனடால காட்டியிருக்காங்க, எலி தூங்கற பகல் நேரத்துலதான் நாம டெஸ்ட்டே பண்றோம்.

நான் உங்ககிட்ட கேக்கறது பெருசு இல்ல.

பரிசோதனைக்கு அனுமதி கேக்கற ஃபார்ம் பி உங்க மேசைக்கு வர்றப்ப, இன்ன இலச்சாறு, மன அழுத்தத்துக்கு, நீச்சல் டெஸ்ட், வால்ல டேப் ஒட்டித் தொங்கவிடற டெஸ்ட்னு மட்டும் இருந்தா தயவு செஞ்சி திருப்பி அனுப்புங்க. இந்த முடிவ வெச்சி யாருக்கு என்ன மருந்து வரப்போவுதுன்னு ஒரு பத்தி எழுதிட்டு வான்னு சொல்லுங்க. ஆஸ்திரேலியால நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2024ல இந்த நீச்சல் டெஸ்ட்ட சட்டம் போட்டே நிறுத்திடுச்சி. நம்ம ஊர்லயும் புது மருந்து விதிகள்ல 2023ல திருத்தம் வந்து, செல்லு வளத்துப் பாக்கறது, சிப்புல உறுப்பு மாதிரி செஞ்சி பாக்கறதெல்லாம் ஏத்துக்கலாம்னு ஆச்சி. கிளாஸ்ல பாடம் நடத்த எலிய கொல்ல வேணாம்னு ஜிப்மர் ரவீந்திரன் சார் எக்ஸ்ஃபார்ம்னு சாஃப்ட்வேரே பண்ணிக் குடுத்தாரு, அது நல்லாத்தான் ஓடுச்சி. பழக்கத்த விட முடியும்.

எலி இல்லன்னா புள்ளைங்க தீசிஸ்க்கு என்ன பண்ணுவாங்கன்னு கேப்பீங்க. மனநல ஓபில ஆறு மாசம் ஒக்கார வைங்க. மாத்திரை போடறவங்கள ஒருத்தர் ஒருத்தரா கேக்கட்டும், தாகமா இருக்கா, கை நடுங்குதா, எச்சி ஒழுவுதா, எட கூடிச்சா, மாசாமாசம் வருதா, எப்ப நிறுத்தினீங்க, ஏன் நிறுத்தினீங்க. பக்க விளைவ பதிவு பண்ண மத்திய அரசே 2010ல இருந்து ஒரு திட்டம் நடத்துது, பொதுமக்கள் எழுதற ஃபார்ம் தமிழ்லயே இருக்கு, எங்க ஏரியால ஒருத்தரும் அத பாத்தது கூட இல்ல. 1794லயே பைத்தியக்கார ஆஸ்பத்திரி கட்டுன ஊரு இது, கீழ்ப்பாக்கம்னு சொன்னாலே திட்டற வார்த்தையா ஆயிடுச்சி, அந்த ஆஸ்பத்திரிக்கு தலைமையா இருந்த சாரதா மேனன் அம்மா அப்புறம் 1984ல மனச்சிதைவு நோயாளிங்களுக்காக ஸ்கார்ஃப்ங்கற அமைப்ப ஆரம்பிச்சப்ப நோயாளியோட குடும்பத்தையும் சேத்துதான் வேலை பாத்தாங்க. கேட்டா சொல்ற ஜனங்க இங்க நெறைய இருக்காங்க. நான் கடைல கவுண்டர் மேல சாஞ்சி மெதுவா கேட்டாலே சொல்றாங்க, "எம்மா இத்த போட்டா நாக்கு ஒட்டிக்குது, வேலைக்கு போவ முடியல, அதான் அரைய ஒடச்சி போட்டுகினு இருக்கேன்"ன்னு. அப்படி அரைய ஒடச்சிப் போடற விவரம் எந்த எலிகிட்டயும் கெடைக்காது.

கடைசியா ஒண்ணு. உங்க கமிட்டில சமூக அக்கறை உள்ள ஒரு வெளியாள் இருக்கணும்னு விதிலயே இருக்கு. மனநோய் மருந்து சம்பந்தப்பட்ட ஃபைல் வர்ற அன்னிக்காவது அந்த நாற்காலிய மாத்திரை போடற ஒருத்தருக்கோ, அவங்கள கூட இருந்து பாத்துக்கறவங்களுக்கோ குடுங்க. அவங்களுக்குப் புள்ளிவிவரம் தெரியாம இருக்கலாம். ஆனா மெதக்கறத பாத்துட்டு எங்க மாமா கேட்ட அந்தக் கேள்விய அவங்க கேப்பாங்க, அதுக்கு நீங்க அந்த ரூம்லயே பதில் சொல்ல வேண்டி வரும்.

ஜூனியர் பொண்ணுக்கு நான் சாப்டர அனுப்பிட்டேன், மறைச்சி வெச்சி என்ன ஆகப்போவுது. அதோட அந்த தமிழ் ஃபார்மையும் அனுப்பி, எங்க அக்கா கதையையும் ஒரு வாய்ஸ் மெசேஜ்ல சொன்னேன். அவ ராத்திரி பதினொரு மணிக்கு திருப்பி போட்டா, "அக்கா, டாபிக் மாத்தலாம்னா கைடு ஒத்துக்கணும், அவரு ஒத்துக்கணும்னா கமிட்டி சொல்லணும்". அடுத்த மாசம் அவங்க காலேஜ்ல மீட்டிங்காம். அவ ஃபைல் உங்கள்ல யாரோ ஒருத்தர் கைக்குத்தான் வரப்போவுது.

இப்படிக்கு,
ஒரு ஃபார்மசிஸ்ட், ஒரு தங்கச்சி
கொருக்குப்பேட்டை